புது மீனைத் தொட்டியில் சேர்ப்பது: மிதக்க விடுவதா, சொட்டு விடுவதா, தனி டப்பில் வைப்பதா?

போன வருடம் தை மாதம், திருப்பூரில் என் வீட்டுத் தொட்டியில் பெருகிக் கிடந்த கப்பி மீன்களில் பத்தைப் பிடித்துப் பையில் போட்டு, வடவள்ளியில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். அக்கா பையன் புதுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டு, மீனே இல்லாமல் ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்தான் (அவன் வயதில் எனக்கு அந்தப் பொறுமை இருந்ததில்லை). பஸ்ஸில் மொத்தம் இரண்டு மணி நேரம். போனதும் பையை இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, ரப்பர் பேண்டைக் கழற்றிக் கவிழ்த்துவிட்டு, சாப்பிட்டு ஊர் திரும்பிவிட்டேன். மறுநாள் காலையில் அக்கா போன் செய்தாள். "ஏன்டா, ஆறு மீனு மல்லாந்து கெடக்குது, பையன் பள்ளிக்கூடம் போகமாட்டேங்கறான்."

அந்தக் குற்ற உணர்ச்சியில், அடுத்த முறை ரொம்ப நிதானமாகச் செய்வது என்று முடிவெடுத்தேன். நண்பர் ஒருவர் சென்னை கொளத்தூரில் எட்டு ரெயின்போ மீன் வாங்கி ராத்திரி பஸ்ஸில் போட்டுவிட்டார். நான் போய் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது பை கட்டிப் பதினைந்து பதினாறு மணி நேரம் ஆகியிருக்கும். பையைத் திறந்து பக்கெட்டில் ஊற்றி, தொட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கின, செவுள் சிவந்துபோனது, ஐந்து அந்தப் பக்கெட்டிலேயே போய்விட்டன.

முதலில் அவசரப்பட்டேன், செத்தது. அப்புறம் நிதானமாகச் செய்தேன், அதுவும் செத்தது. "புது மீனை மெதுவாப் பழக்குங்க" என்று எல்லாரும் சொல்கிறார்களே, அதில் பாதிதான் உண்மை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. எந்த முறை நல்லது என்பதை மூன்று விஷயம் தீர்மானிக்கிறது: மீன் பைக்குள் எத்தனை மணி நேரம் இருந்தது, கடைத் தண்ணீருக்கும் உங்கள் தண்ணீருக்கும் எவ்வளவு வித்தியாசம், வந்திருப்பது மீனா அல்லது இறால், நத்தை மாதிரி முதுகெலும்பில்லாத உயிரா. இந்த மூன்றும் தெரியாமல் முறையைத் தேர்ந்தெடுத்தால் அது குருட்டாம்போக்குதான்.

நம்ம ஊர்த் தண்ணீர் ஒரே தண்ணீர் இல்லை

கொங்குப் பக்கம் மீன் வளர்ப்பவர்களுக்கு இது கூடுதல் தலைவலி. கோவையில் சிறுவாணி வரும் வீட்டில் டி.டி.எஸ். மீட்டரை (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் கருவி) முக்கினால் மழைத்தண்ணீர் மாதிரி காட்டும். அக்கா வீட்டில் 50. திருப்பூரில் என் போர் தண்ணீர் 1,100. பொள்ளாச்சிப் பக்கம் ஆழியாறு, மேட்டுப்பாளையம் பக்கம் பவானி, எங்களுக்கும் வாரத்தில் சில நாள் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர் என்று ஒவ்வொன்றும் ஒரு ரகம். அதனால் வேறு ஊர்க்காரர் ஒருவர் "நான் அப்படியே கவுத்துவிடுவேன், ஒண்ணும் ஆகாது" என்று வீடியோவில் சொல்வதை நம்பி நீங்களும் செய்தால், அவர் வீட்டுத் தண்ணீரும் அவர் வாங்கும் கடைத் தண்ணீரும் ஒரே குழாயாக இருந்திருக்கலாம், உங்களுக்கு அப்படி இருக்காது.

கப்பிகளுக்கு என்ன நடந்தது என்பது இப்போது தெரிகிறது. நன்னீர் மீனின் உடம்புக்குள் இருக்கும் உப்பு வெளியே இருக்கும் தண்ணீரைவிட அதிகம், அதனால் தண்ணீர் எப்போதும் செவுள் வழியாக உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும், மீன் அதைச் சிறுநீராகத் தள்ளிக்கொண்டே இருக்கும். 1,100இல் பிறந்து வளர்ந்த மீனை ஒரே நிமிடத்தில் 50க்கு மாற்றினால் அந்த வேலை திடீரென்று கூடிப்போகிறது. உடனே சாகாது, அதுதான் ஏமாற்று. அன்றைக்கு ஜோராக நீந்தும், மறுநாளோ மூன்றாம் நாளோ போகும், நாமும் "கடைக்காரன் சீக்கு மீனைக் கொடுத்துட்டான்" என்று சொல்லிவிடுவோம். என் விஷயத்தில் கடைக்காரனும் நானே என்பதால் பழி போட ஆள் இல்லை.

சில நூறு ரூபாய்க்கு பேனா மாதிரி டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கிறது. கடையில் மீனைப் பார்ப்பதற்கு முன்னால் அதை அவர்கள் தொட்டியில் முக்கிப் பாருங்கள், கொஞ்சம் முறைப்பார்கள், பரவாயில்லை. மீட்டர் உப்பின் மொத்த அளவைத்தான் சொல்லும், பி.எச்.சை, அதாவது தண்ணீரின் அமில, கார அளவைச் சொல்லாது, ஆனாலும் முதல் முடிவுக்கு அது போதும்.

மிதக்கவிட்டுக் கவிழ்ப்பது

கடைக்காரர்கள் எல்லாரும் சொல்லும் முறை. "அண்ணா, அரை மணி நேரம் மெதக்க உடுங்க, அப்புறம் கவுத்துருங்க, ஒண்ணும் ஆகாதுங்க." இது வெப்பநிலையை மட்டும் சமன் செய்யும். பதினைந்து இருபது நிமிடத்தில் பைத் தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்துவிடும், அதற்கு மேல் மிதக்கவிட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை. தொட்டி லைட்டை அணைத்துவிட்டுச் செய்யுங்கள், லைட்டுக்கு நேர் கீழே மிதக்கும் பை சூடாகிவிடும். மார்கழிக் குளிர்காற்றில் பைக்கில் கொண்டுவந்த பையை, ஹீட்டர் போட்ட 26 டிகிரி தொட்டியில் நேராகக் கொட்டாமல் இருக்க இது அவசியம்.

எப்போது இது மட்டும் போதும்? கடையும் வீடும் ஒரே தண்ணீர் என்றால், பயணம் ஒரு மணி நேரத்துக்குள் என்றால். கோவைக்குள்ளேயே சிறுவாணித் தண்ணீரில் வைத்திருக்கும் கடையிலிருந்து சிறுவாணி வீட்டுக்குப் போகும் மீனுக்கு மூன்று மணி நேரச் சடங்கு எதற்கு? ஒரு விஷயம் மட்டும்: மீனை வலையில் அள்ளி விடுங்கள், பைத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டாதீர்கள். பல கடைகளில் எல்லாத் தொட்டிக்கும் ஒரே ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சுற்றும், மூலையில் ஒரு தொட்டியில் சீக்கு மீன் இருந்தால் அந்தத் தண்ணீர்தான் உங்கள் பைக்குள்ளும் இருக்கிறது.

இன்னொரு இடத்திலும் இதுதான் சரி, அதைச் சொன்னால் நிறைய பேர் நம்பமாட்டார்கள். வெகுதூரம் வந்த பைக்கு இதுதான் ஏற்ற முறை. என் ரெயின்போ மீன்கள் செத்தது இதைச் செய்யாததால்தான்.

கட்டிய பைக்குள் மீன் மூச்சுவிட விட கரியமில வாயு சேரும், அதனால் பி.எச். இறங்கிக்கொண்டே போகும். கூடவே அம்மோனியாவும் சேரும். பி.எச். குறைவாக இருக்கும்வரை அந்த அம்மோனியாவில் பெரும்பகுதி அம்மோனியம் என்ற, அவ்வளவாகத் தீங்கில்லாத வடிவத்தில் இருக்கும். பையைத் திறந்த நொடியில் கரியமில வாயு வெளியேறுகிறது, பி.எச். ஏறுகிறது, இதில் நாம் வேறு 8 பி.எச். உள்ள போர் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கிறோம். அதே 25 டிகிரியில் பி.எச். 7இல் நூறில் ஒரு பங்குகூட இல்லாத நச்சு அம்மோனியா, பி.எச். 8இல் நூறில் ஐந்து பங்காகிவிடும், கிட்டத்தட்ட பத்து மடங்கு. நான் இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பாசத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது அந்த விஷத்தில் மீன் ஊறுவதைத்தான். பதினைந்து மணி நேரப் பையை, சூடு சமன் ஆனதும் திறந்து, திறந்த கையோடு மீனைச் சுத்தமான தண்ணீருக்கு மாற்றியிருக்க வேண்டும்.

அப்படியானால் டி.டி.எஸ். வித்தியாசம் என்ன ஆவது என்று கேட்பீர்கள். அதற்குத்தான் கடைசியில் சொல்லப்போகும் டப்.

சொட்டு முறை

மெடிக்கலில் விற்கும் குளுக்கோஸ் ஏற்றும் டிரிப் செட் ஒன்று வாங்கினால் போதும், ஊசியை வெட்டிப் போட்டுவிடலாம். தொட்டியை மேலே, பக்கெட்டைக் கீழே வைத்து, ஒருமுறை உறிஞ்சிவிட்டால் தண்ணீர் இறங்கத் தொடங்கும், சக்கரத்தை உருட்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். நான் முதல்முதலாக ஜன்னல் கம்பியில் டியூபைக் கட்டித் தொங்கவிட்டிருந்தபோது அம்மிச்சி ஊரிலிருந்து வந்திருந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, மீனுக்குக் குளுக்கோஸ் ஏத்தறியா, என்ன சீக்கு அதுக்கு?" என்று உண்மையிலேயே கவலையாகக் கேட்டார்.

கணக்கு இப்படி. சாதாரண டிரிப் செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி. விநாடிக்கு மூன்று சொட்டு வைத்தால் நிமிடத்துக்கு 9 மில்லி, ஒரு மணி நேரத்தில் அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல். பையில் அரை லிட்டர் இருந்தால் ஒரு மணி நேரத்தில் அது இரண்டு மடங்காகும். 1,100 தண்ணீரில் 50 தண்ணீர் சேர்ந்தால் முதல் மணி நேர முடிவில் 575. பாதியை இறைத்துவிட்டு மறுபடி ஒரு மணி நேரம் விட்டால் 310, மறுபடி 180, மறுபடி 115. ஆக நாலு மணி நேரம். "முக்கால் மணி நேரம் சொட்டு விட்டேன்" என்று சொல்பவர்கள் பாதி தூரம்கூடப் போயிருக்கமாட்டார்கள்.

அந்த நாலு மணி நேரத்திலும் மீனின் உடம்பு முழுசாகப் பழகிவிடுமா என்றால், இல்லை. சிறுநீரகமும் செவுளும் புது உப்பு அளவுக்குத் தங்களை மாற்றிக்கொள்ள நாள் கணக்கில் ஆகும். சொட்டு முறை அடியின் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். சின்ன வித்தியாசத்துக்கு, அதாவது 200க்கும் 350க்கும் நடுவில் என்றால், அதுவே தாராளம். 1,100க்கும் 50க்கும் நடுவில் என்றால் நாலு மணி நேரம் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. தவிர, பக்கெட் சின்னது, குளிர்காலத்தில் சீக்கிரம் ஆறிவிடும், ஏர் மோட்டார் கல் ஒன்று போடாவிட்டால் காற்றும் குறையும், மூடாவிட்டால் மீன் குதித்துத் தரையில் கிடக்கும். (குதித்த மீனைச் சோபாவுக்கு அடியில் மூன்று நாள் கழித்து மூக்கால் கண்டுபிடித்த அனுபவமும் உண்டு, அதை விடுங்கள்.)

ஆனால் இறாலுக்கும் நத்தைக்கும் சொட்டு முறையை விட்டால் வழி இல்லை. செர்ரி இறால் வாங்கினால் மூன்று மணி நேரமாவது விடுங்கள், விநாடிக்கு ஒன்று இரண்டு சொட்டுக்கு மேல் வேண்டாம். சட்டென்று தண்ணீர் மாறினால் இறால் நேரம் வரும் முன்பே சட்டை உரிக்கும், உரிக்க முடியாமல் நடுவில் வெள்ளைக் கோடு விழுந்து சாகும். இறால் சின்னது, கழிவும் கொஞ்சம், ஆகவே பைக்குள் அம்மோனியா பெரிதாகச் சேர்ந்திருக்காது, சொட்டு விடுவதில் மீனுக்கு இருந்த ஆபத்து இதற்கு இல்லை. அதைவிட முக்கியம்: தொட்டியில் முன்பு எப்போதாவது செம்பு கலந்த மருந்து போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்து அது இன்னும் மிச்சம் இருந்தால் எந்த முறையும் இறாலைக் காப்பாற்றாது, நத்தையையும்தான்.

தனி டப்

என் தீர்ப்பு இந்தப் பக்கம்தான், முன்னாடியே சொல்லிவிடுகிறேன். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் டிரிப் செட்டை விட்டுவிட்டு ஒரு 40 லிட்டர் பிளாஸ்டிக் டப் வாங்குங்கள். கண்ணாடித் தொட்டி தேவையில்லை, மண் கல் செடி எதுவும் வேண்டாம். ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர், ஏர் மோட்டார், ஒளிந்துகொள்ள இரண்டு பி.வி.சி. பைப் துண்டு, மேலே ஒரு கொசுவலை. குளிர்காலம் என்றால் ஹீட்டர்.

இதில் இருக்கும் சூட்சுமம் ஸ்பான்ஜ். புது ஸ்பான்ஜை டப்பில் போட்டால் அதில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா இருக்காது, அது வளர நாலு முதல் ஆறு வாரம் ஆகும், மீன் அதற்குள் போய்விடும். அதனால் பெரிய தொட்டியின் மூலையில் எப்போதும் ஒரு ஸ்பான்ஜ் கூடுதலாக ஓடிக்கொண்டே இருக்கட்டும், மீன் வரும் அன்று அதை அப்படியே எடுத்து டப்பில் வைத்தால் தீர்ந்தது.

எல்லாரும் தனி டப்பை நோய்க்காக மட்டும்தான் சொல்கிறார்கள். எனக்கு அதன் பெரிய லாபம் வேறு. மீனை நம் தண்ணீருக்குப் பழக்குவதற்குப் பதில், டப் தண்ணீரைக் கடைத் தண்ணீர் மாதிரி கலந்து வைத்துவிடலாம். கடையில் 200 என்று பார்த்தேன், என் போர் 1,100, வீட்டு ஆர்.ஓ. 50. ஒரு பங்கு போர், ஆறு பங்கு ஆர்.ஓ. கலந்தால் சரியாக 200. மீன் வந்ததும் பையை இருபது நிமிடம் மிதக்கவிடு, திற, வலையில் அள்ளி டப்பில் விடு. பையில் எத்தனை மணி நேரம் இருந்தாலும் கவலை இல்லை, அம்மோனியா இல்லாத தண்ணீர், அதே உப்பு, அதே சூடு. அப்புறம் நாளுக்கு ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு உங்கள் பெரிய தொட்டித் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வாருங்கள், பத்து நாளில் டப் தண்ணீர் கிட்டத்தட்ட தொட்டித் தண்ணீராகிவிடும். மேலே பார்த்த இரண்டு சாவுக்கும் இந்த ஒரே வழி மருந்து.

நோய்க் கணக்கும் உண்டு. மூன்று வருடமாக ஜோடியாக இருந்த என் ஏஞ்சல் மீன்களை அறுபது ரூபாய்க்கு வாங்கிய ஒரு டெட்ரா கொண்டுபோனது. வாங்கும்போது அதன் மேல் ஒரு புள்ளிகூட இல்லை. நாலாம் நாள் வால் துடுப்பில் ரவை ஒட்டினது மாதிரி இரண்டு வெள்ளைப் புள்ளி, ஆறாம் நாள் தொட்டி முழுக்க. வெள்ளைப்புள்ளி நோயின் ஒட்டுண்ணி மீன் உடம்பில் கொஞ்ச நாள் இருந்து, விழுந்து, தரையில் ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கில் பெருகி மறுபடி மீனைத் தேடி நீந்தும், 25 டிகிரியில் இந்தச் சுற்று ஒரு வாரத்தை ஒட்டி முடியும். டப்பில் மூன்று வாரம் வைத்தால் இரண்டு மூன்று சுற்றுக்குள் அது கண்ணில் பட்டுவிடும். டப்பில் பட்டால் கைவைத்தியம் எளிது: கல் உப்பை லிட்டருக்கு ஒரு கிராமில் தொடங்கி மெதுவாக மூன்று வரை ஏற்று, சூட்டை 30 டிகிரிக்குக் கொண்டுபோ. மீசை உள்ள, செதில் இல்லாத மீன்கள் அவ்வளவு உப்புத் தாங்காது, அவற்றுக்கு அளவைக் குறைக்கணும். இதையே செடி வைத்த பெரிய தொட்டியில் செய்தால் செடி போகும், நத்தை போகும்.

குறை என்ன? இடம் அடைக்கும், வீட்டில் பேச்சு வாங்கணும், தினமும் தண்ணீர் மாற்றணும். மூன்று வாரம் மீனை ஹாலில் காட்டிப் பெருமைப்பட முடியாது. ஊருக்குப் போகும் வாரத்திலும், மாதாந்திர மின்தடை அறிவித்திருக்கும் நாளை ஒட்டியும் மீன் வாங்காமல் இருப்பது நல்லது. சின்ன டப்பில் ஃபில்டர் ஏழெட்டு மணி நேரம் நின்றால் பெரிய தொட்டியைவிடச் சீக்கிரம் கெட்டுவிடும்.

கடல் மீன் என்றால் கதையே வேறு

கடலே இல்லாத ஊரில் கடல் மீன் வளர்க்கும் பைத்தியங்கள் ஈரோட்டிலும் கோவையிலும் நிறையவே இருக்கிறார்கள், என்னோடு படித்தவன் ஒருவனும் அதில் சேர்த்தி. ஈரோட்டில் அவன் ஆர்.ஓ. தண்ணீரில் கடல் உப்புக் கலவையை லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கரைத்து, ஒரு நாள் முழுக்கச் சுற்றவிட்டு, அப்புறம்தான் தொட்டியில் சேர்ப்பான். சமையல் உப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

இங்கே டி.டி.எஸ். மீட்டரின் இடத்தில் ரிஃப்ராக்டோமீட்டர், ஒரு சொட்டுத் தண்ணீரில் உப்பின் அடர்த்தியைக் காட்டும் கருவி. கடல் தண்ணீரின் அடர்த்தி 1.025ஐ ஒட்டி இருக்கும். மீன் மட்டும் விற்கும் பல கடைகளில் 1.018, 1.019 என்று குறைத்து வைப்பார்கள், உப்புச் செலவும் மிச்சம், ஒட்டுண்ணியும் கொஞ்சம் அடங்கும். வாங்குகிறவர் அதைக் கேட்பதே இல்லை. என் நண்பன் கொச்சியில் ஒரு ஜோடி கோமாளி மீனும் ஒரு நட்சத்திர மீனும் வாங்கினான். வீட்டில் 1.025. மூன்றையும் ஒரே பக்கெட்டில் வைத்து ஒரு மணி நேரம் சொட்டு விட்டான். கோமாளிகள் இரண்டு நாள் மூலையில் நின்றுவிட்டுத் தேறிவிட்டன. நட்சத்திர மீன் மூன்றாம் நாள் ஒரு கையின் நுனி வெளுத்து, ஐந்தாம் நாள் கை கழன்று, ஒரு வாரத்தில் வெயிலில் வைத்த ஐஸ் மாதிரி கரைந்துபோனது.

ஏன் இந்த வித்தியாசம்? கடல் மீனின் உடம்புக்குள் இருக்கும் உப்பு கடலில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான், உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று சமாளிக்கும் எந்திரம் அதற்குப் பிறவியிலேயே இருக்கிறது. நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் அந்த எந்திரம் கிடையாது, வெளியே என்ன உப்போ உள்ளேயும் அதே உப்பு. அதனால் வெளியே மாறினால் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மாறும். கடல் இறாலுக்கும் இந்த விஷயத்தில் தாங்கும் சக்தி குறைவு. ஆகவே கடல் தொட்டியில் மீனுக்கும் மற்ற உயிர்களுக்கும் ஒரே முறை சரிப்படவே படாது:

மீன் என்றால் தனித் தொட்டி, கடை எந்த அடர்த்தியோ அதே அடர்த்தி, பையிலிருந்து உடனே மாற்றம். அப்புறம் ஆவியாகும் தண்ணீரை நல்ல தண்ணீரால் நிரப்பாமல் உப்புத் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே வந்தால் நாளுக்கு 0.001க்கு மேல் போகாமல் மெதுவாகத் தானாக ஏறும். உப்பைக் குறைப்பதை மீன் எளிதாகத் தாங்கும், கூட்டுவதைத்தான் தாங்காது. காலம் மூன்று வாரம் போதாது, ஆறு வாரமாவது வேண்டும், ஏனென்றால் கடல் வெள்ளைப்புள்ளியின் முட்டைக்கூடு பொரிவதற்கு வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

நட்சத்திர மீன், இறால், நத்தை, முள்ளெலி என்றால் நாலு மணி நேரத்துக்குக் குறையாத சொட்டு, முடிந்தால் இன்னும் மெதுவாக, நட்சத்திர மீனையும் முள்ளெலியையும் காற்றில் தூக்காமல் தண்ணீரோடு சேர்த்து ஒரு டப்பாவில் அள்ளி மாற்றுவது. செம்பு மருந்து போட்ட தனித் தொட்டியில் இவற்றை வைக்கவே கூடாது.

கடலில் பிடித்த மீனா, குஞ்சு பொரித்து வளர்த்த மீனா என்பதும் ஒரு தேர்வு, இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை உருவாக்கி வெகுநாள் ஆகிறது. வளர்ப்பு மீன் தொட்டியிலேயே பிறந்தது, உருண்டைத் தீனி தின்னும், கண்ணாடியில் முட்டாது. விலை கொஞ்சம் கூட இருந்தாலும் அதையே கேட்டு வாங்குங்கள். பவளம், கடல்குதிரை, கடல் அட்டை இதெல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தாச்சு, "ரகசியமா ஒண்ணு இருக்குதுங்க, யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்று யாராவது காதோரம் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

உள்ளே விட்ட பிறகு

தண்ணீர் ஒத்துக்கொண்டாலும் பழைய மீன் ஒத்துக்கொள்ளணுமே. பழைய மீன்களுக்கு வயிறு நிறையத் தீனி போட்டு, லைட்டை அணைத்து, இருட்டில் விடுவது பெரும்பாலான சாது மீன்களுக்குப் போதும். சிக்லிட், ஃபிளவர்ஹார்ன், கடல் தொட்டியில் டாம்செல் மாதிரி இடம் பிடித்து ரௌடித்தனம் செய்யும் மீன்கள் இருந்தால் கல்லையும் கட்டையையும் இடம் மாற்றி வைத்துவிட்டு விடுங்கள், அப்போது பழையதற்கும் அது புது வீடு. அதுவும் ஆகவில்லை என்றால் குஞ்சு போடும் வலைக்கூண்டில் புது மீனை ஒரு வாரம் தொங்கவிட்டு முகம் பழக்கலாம், நான் இதைத்தான் விரும்புவேன். முதலில் சாதுவை விட்டு, சண்டைக்காரனைக் கடைசியில் விடுவது எல்லாவற்றையும்விட மலிவான வழி. ஒரே நாளில் பத்து மீனைக் கொட்டாமல் மூன்று நாலாகச் சேருங்கள், ஃபில்டர் பாக்டீரியாவும் பெருக நேரம் வேண்டும். ஒத்துவராத மீனைக் கொண்டுபோய்ப் பக்கத்துக் குளத்தில் விடுவது மட்டும் வேண்டாங்க, கண்ணாடி துடைக்கும் என்று வாங்கிய சக்கர் மீன் அப்படி விட்டு விட்டுத்தான் ஏரி குளங்களில் பெருகிக் கிடக்கிறது.

இத்தனையும் பார்த்துவிட்டு, முதலிலேயே உங்கள் தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்கிவிட்டால் பாதிச் சிக்கல் வராது. போர் தண்ணீர்க்காரர்களுக்கு கப்பி, மோலி, பிளாட்டி, மலாவி சிக்லிட். சிறுவாணிக்காரர்களுக்கு நியான், கார்டினல், டிஸ்கஸ். டிஸ்கஸ் வைத்துக்கொண்டு போர் தண்ணீரோடு மல்லுக்கட்டும் திருப்பூர்க்காரர்களையும், சிறுவாணியில் மோலி வாடுதே என்று வருத்தப்படும் கோவைக்காரர்களையும் நிறையப் பார்த்துவிட்டேன்.

அக்கா பையனுக்கோ கப்பிதான் வேண்டுமாம். சரி என்று இந்த முறை மீனோடு சேர்த்து என் வீட்டுத் தண்ணீரையும் இரண்டு 20 லிட்டர் கேனில் எடுத்துப் போனேன். பஸ்ஸில் ஏற்ற முடியாமல் மாமா காரை இரவல் வாங்க வேண்டியதாயிற்று. டப்பில் அதே தண்ணீர், நாளுக்கு எட்டு லிட்டர் மாற்றுகிறான், பெரிய தொட்டி ஃபில்டரில் ஒரு சின்னத் துணிப்பை நிறையக் கிளிஞ்சல் போட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் கடினமாக்கி வைத்திருக்கிறோம். தினம் சாயங்காலம் மீட்டரை முக்கி எனக்கு எண் அனுப்புகிறான். நேற்று ஏழாம் நாள், 350. பத்தும் உயிரோடு இருக்கின்றன, ஒன்று குட்டி வேறு போட்டுவிட்டது, அதைப் பிடித்து வைக்க இன்னொரு டப் வேண்டும் என்கிறான். அக்கா என்னிடம் பேசுவதில்லை.